இயல்புவாதத்துக்குப் பதினைந்து மதிப்பெண்

கமா போடுங்க தோழர் என்கிறாள் தமாரா. போட்டாயிற்று. அவள் மூச்சிழுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன். மூச்சு வாங்கும் இடம்தான் கமா, ஆலை வாசலில் நின்று துண்டறிக்கையை வாய்விட்டுப் படித்தவனுக்கு அதைவிடப் பெரிய இலக்கணம் தேவைப்பட்டதில்லை. கட்டைவிரல் கணுவில் வலி கிளம்பிவிட்டது, இன்னும் பாதித் தாள்கூட ஆகவில்லை. முதல் பகுதி முழுக்கச் சிறு குறிப்புகள். தூய்மைவாதிகள், கற்பனாவாதம், வட்டார வண்ணம், படிமவாதம் என்று வரிசையாக அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். அவளுக்குக் கண் தெரியாது, எனக்குப் பட்டம் கிடையாது, இந்த இரண்டு இல்லாமைகளையும் கூட்டித்தான் பல்கலைக்கழகம் எங்களை ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறது. பார்வையற்றவருக்காகத் தேர்வு எழுத வருகிறவன் அந்தப் படிப்பைவிடக் குறைவாகப் படித்தவனாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். என் படிப்புக் குறைவைத் தகுதி என்று ஒப்புக்கொண்ட முதல் அலுவலகம் இதுதான், சிரிக்கலாம், சிரித்தால் அடிவயிறு கேட்காது, வரும் வழியில் அந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது. சத்தமாகச் சொல்லி எழுத வேண்டியிருப்பதால் மற்றவர்களோடு சேர்க்காமல் எங்களை மனையியல் ஆய்வகத்தில் போட்டிருக்கிறார்கள். உறை போட்ட தையல் மெஷின், அடுப்பு மேடை, சுவரில் பருப்பும் முட்டையும் கீரையும் வரைந்த படம், எங்கிருந்தோ புளித்த மாவு வாசனை. கதவோரம் உட்கார்ந்து வேறெதோ விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிற சூப்பர்வைசர் தொடங்கும்போதே சொல்லிவிட்டார், அவங்க சொல்றதை மட்டும் எழுதுங்க ஐயா, நீங்களா ஒரு வார்த்தை சேர்த்தாலும் மால்பிராக்டிஸ், மாட்டுனா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அவங்களைத்தான் இனி பரீட்சையே எழுத விடாம டீபார் பண்ணுவாங்க. தலையாட்டினேன். இந்த வயதில் ஒருவர் எனக்குச் சொல்லித் தருகிறார், மற்றவர் சொன்னதை மட்டும் எழுது என்று. என் வாழ்நாளில் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. சங்கக் கமிட்டியில் ஆளாளுக்குப் பேசுவார்கள், ஒருவன் கேன்டீன் சாம்பாரில் தொடங்கிக் கேன்டீன் சாம்பாரிலேயே முடிப்பான், ஒருவன் அழுவான், நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தீர்மானம் எழுதுவேன், அவர்கள் பேசியதை அல்ல, பேசியிருக்க வேண்டியதை. படித்துக் காட்டுவேன். ஆமாங்க தோழர், இதைத்தான் நான் சொல்ல வந்தேன் என்பான் சாம்பார்க்காரன். பேசியதை அப்படியே எழுதுகிறவன் குமாஸ்தா. இந்தச் சென்னியப்பன் ஒருநாளும் குமாஸ்தாவாக இருந்ததில்லை.

இன்றைக்கு இருந்தாக வேண்டும். தமாராவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எம்.ஏ.வில் மற்ற எல்லாத் தாளும் தேறியாயிற்று, அமெரிக்க இலக்கிய இயக்கங்களும் கலைச்சொற்களும் என்கிற இந்த ஒரு தாள் மட்டும் பாக்கி, பழைய பாடத்திட்டத்துக்கு இதற்கப்புறம் தேர்வே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆசிரியர் தேர்வில் தேறிவிட்டாள், சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிடும்போது பட்டம் கையில் இருந்தால் அரசுப் பள்ளியில் வேலை, இல்லையென்றால் இப்போது பாடம் நடத்துகிற கான்வென்ட்டில் ஆண்டுக்காண்டு தற்காலிகமாகவே கிடந்து வயசாக வேண்டியதுதான். முன்பெல்லாம் பதிலெழுத வந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருத்தி எழுத்துக்கூட்டியே நேரத்தைத் தின்றுவிட்டாள், இன்னொருத்தி கை வலிக்குதுக்கா என்று பாதிக் கேள்வியில் பேனாவை வைத்துவிட்டாளாம். அதனால்தான் என்னிடம் வந்தாள். உங்க கை வேகமாமே தோழர், அப்பா சொல்லுவாரு என்றாள். அப்பா ஆறுக்குட்டி. ஆலையில் நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் என்னோடு நின்றவன், மகளுக்கு ரஷ்யப் பேராகப் பார்த்துத் தமாரா என்று வைத்தவன். அந்தக் காலத்தில் எங்கள் சங்கத்து வீடுகளில் தமாராக்களும் வாலண்டினாக்களும் பிறந்துகொண்டே இருந்தார்கள், மொட்டை போட்டுக் காது குத்துகிற இடத்தில் பூசாரி அந்தப் பேரைச் சொல்லத் திணறுவார். என்னை மாமா என்று கூப்பிட வேண்டிய பிள்ளைக்குத் தோழர் என்று பழக்கியதும் அவன்தான். இந்த ஒரு மாதமாகக் காலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பழகினேன். போனுக்குள் இருக்கிற இயந்திரக் குரல்காரி ஒருத்தி பாடத்தை மூச்சுவிடாமல் வாசிப்பாள், எனக்கு அது நெல் மெஷின் சத்தம், இவள் அதைக் கேட்டு மனதில் வாங்கி எனக்கு நிதானமாகச் சொல்வாள், நான் எழுதுவேன், சந்தேகமான சொல்லுக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுச் சரி பார்ப்பாள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு. மாஸ்கோவிலிருந்து வந்த மலிவுப் பத்திரிகைகளும் லேபர் கமிஷனருக்கு எழுதிய மனுக்களும் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ். சுரண்டல், முரண்பாடு, தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன், இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு, மரம் செடி கொடிக்குத்தான் வார்த்தை வராது. அவள் அம்மா மயிலாத்தாள் காபியைக் கொண்டு வந்து வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என்னிடம் பேசுவதில்லை. ஆறுக்குட்டி செத்த அன்றிலிருந்து பேசுவதில்லை. இப்போதும் வெளியே மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், பையைக் கட்டிக்கொண்டு.

அடுத்தது என்னங்க என்கிறாள். நனவோடை, ஐந்து மதிப்பெண், அரைப் பக்கம் என்று படித்துச் சொல்கிறேன். உதடுகளை ஒரு தடவை கடித்துவிட்டுச் சொல்லத் தொடங்குகிறாள், மனிதனின் எண்ணங்கள் வரிசையோ தர்க்கமோ இல்லாமல் ஓடுகிறபடியே எழுதிக்காட்டும் உத்தி, கமா. எழுதுகிறேன். எழுதும்போதே உள்ளே ஒருவன் கொக்கரிக்கிறான், நினைப்பதை நினைக்கிறபடியே எழுதுவதற்கெல்லாம் ஒரு பேரா, அதற்கு ஒரு அணியா. இந்த ஒரு மாதமாக அவன் ஓயவில்லை. அமெரிக்காக்காரர்கள் எல்லாவற்றையும் இயக்கம் என்கிறார்கள், ஒருத்தன் கைதானதாகப் பாடத்தில் இல்லை, ஒரு கோரிக்கை இல்லை, தடியடி இல்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக வருகிறவன் முதல் வேலையாகப் பழையவனைப் பொய்யன் என்கிறான். கடவுளுக்குப் பயந்தவர்களைக் கற்பனாவாதி ஏசுகிறான், கற்பனாவாதியை யதார்த்தவாதி ஏசுகிறான், அவனை அடுத்தவன். எங்கள் சங்கமும் அப்படித்தான் உடைந்து உடைந்து கடைசியில் ஒரு அறைக்குள் இரண்டு சங்கங்கள் இருந்தன, நடுவில் ஒரு பீரோ. ஒவ்வொரு உடைவுக்கும் ஓர் அறிக்கை, எல்லா அறிக்கையும் என் கையெழுத்தில். படிமவாதிகளை மட்டும் எனக்குப் பிடித்தது. தேவையில்லாத ஒரு சொல்லும் கூடாது என்றார்களாம். துண்டறிக்கை அச்சடிக்க மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டியவனைக் கேள், அவன் சொல்வான், தப்பாக ஒரு சொல் விழுந்தால் தாளே போச்சு. அப்புறம் தொலைந்த தலைமுறை. யுத்தத்திலிருந்து திரும்பி எதிலும் நம்பிக்கை இல்லாமல் அயல்நாட்டுக் காபிக்கடைகளில் உட்கார்ந்தவர்கள். வீட்டில் அதைச் சொல்லிப் பழகும்போது தமாரா சிரித்தாள், உங்க கூட்டத்தையும் இதுல சேர்த்துக்கலாங்களா தோழர் என்றாள். எங்களைத் தேட ஆள் இருந்தால்தானே நாங்கள் தொலைந்தவர்கள் என்றேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கேட்டது. மனம் ஓடுகிறதாம், நதி மாதிரி ஓடுகிறதாம், இவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன், என்ன ஓடுகிறது, என் மனம் எங்கேயும் ஓடவில்லை, ஈயைப்போல விரட்ட விரட்ட அதே புண்ணில் வந்து உட்காருகிறது.

முற்றுப்புள்ளி. கையை உதறிக்கொள்கிறேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிகிறார். அடிவயிறு கனக்கிறது, எழுந்து போய்வந்தால் அவளுக்குத்தான் நேரம் போகும், இந்தக் கல்லூரியில் ஆண்கள் கழிப்பறை எந்தக் கோடியில் இருக்கிறதோ, வெயிலில் பாதி தூரம் போய்த் திரும்பத் தெரியாமல் நிற்பேனோ, போலீஸ் ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்த உடம்பு இது, இப்போது ஒரு டீக்குத் தாங்கவில்லை. பெரிய கேள்விகளுக்கு வந்துவிட்டோம். படித்துக் காட்டுகிறேன், இரண்டில் ஒன்று எழுத வேண்டும், ஒன்று ஆழ்நிலைவாதம், மற்றொன்று இயல்புவாதத்தின் அடிப்படைகளும் அதன் வரம்புகளும். பதினைந்து மதிப்பெண். அவள் யோசிக்கவில்லை. இயல்புவாதம் என்றாள். எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. காட்டில் குடிசை போட்டு உட்கார்ந்து ஆன்மாவைத் தேடுகிற அந்த ஆழ்நிலைவாதிகளை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அவர்கள் பரவாயில்லை, அவர்களால் எனக்கு ஒன்றும் ஆகாது. இயல்புவாதத்தை அவள் முதல் தடவை பயிற்சிக்குச் சொன்ன காலையிலேயே எனக்கும் அவளுக்கும் தகராறு. மனிதன் சுதந்திரமானவன் அல்ல. அவனை இரண்டு சக்திகள் ஆட்டிவைக்கின்றன, பிறப்பில் வந்தது ஒன்று, வளர்ந்த சூழல் ஒன்று. அவன் போராடுகிறான், போராட்டம் அவனுக்குப் பெரிதாகத் தெரிகிறது, உலகத்துக்கு அதில் அக்கறை இல்லை, தோற்கிறான். இதை எழுதச் சொன்னாள். அரைகுறையாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதியது கண்ணு என்றேன், சூழல்தான் மனிதனை உண்டாக்குகிறது என்பது சரி, அந்தச் சூழலை மனிதன் மாற்றுகிறான் என்பதை இவர்கள் விட்டுவிட்டார்கள். பாடத்துல அது இல்லீங்க தோழர் என்றாள். பாடத்தில் இல்லாவிட்டால் என்ன, உண்மை இல்லையா என்றேன். பாடத்துல இருக்கறதுக்குத்தானுங்க மார்க்கு என்றாள், அத்தோடு முடிந்தது.

சொல்லத் தொடங்கிவிட்டாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, தேர்வுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறாள், தண்டவாளம் மாதிரி நேராகப் போகும். இயல்புவாதம் யதார்த்தவாதத்தின் தொடர்ச்சி, கமா, ஆனால் அதைவிட இருண்டது. எழுதுகிறேன். இயல்புவாத எழுத்தாளர் விஞ்ஞானியைப்போல மனிதனைத் தள்ளி நின்று பார்க்கிறார். எழுதுகிறேன். பிறப்பில் வந்தது என்ற சொல்லை அவள் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன், பார்ப்பது அவளுக்குத் தெரியப் போவதில்லை, தெரியும், எப்படியோ தெரியும், கழுத்து லேசாகத் திரும்புகிறது. அவள் கண் பிறப்பில் வந்தது. நரம்பு. மயிலாத்தாளின் பாட்டிக்கும் அப்படித்தானாம், பத்து வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியுமாம். இதற்கு மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ஆறுக்குட்டி என்னிடம் சொன்னான், நானே கூடப் போய் இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். ஆலையில் நாங்கள் செய்த வேலைநிறுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும். சம்பளம் வந்துகொண்டிருந்தாலும் நடந்திருக்கும். எல்லா மேடையிலும் சூழல் சூழல் என்று தொண்டை கிழியப் பேசியவன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிறப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும், அது உண்மை, இரண்டு டாக்டர்கள் சொன்ன உண்மை. அப்படியானால் மீதியெல்லாம். மீதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆலை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உள்ளே போகலாம். கையெழுத்துப் போடும் கை நம் கையல்ல என்று ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டென்சில் வெட்டினேன். வாய்விட்டுப் படித்தேன். கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், கேன்டீன் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக, பொழுது சாய்ந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல். ஆறுக்குட்டி போகவில்லை. கடைசிவரை போகவில்லை. வேலைநிறுத்தம் தோற்றது, அறிக்கை தோற்கவில்லை, அதில் இன்றைக்கும் ஒரு வரியை யாரும் தப்பென்று காட்ட முடியாது. அவன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினான். நூல் பிடித்த கை. ஒரு மத்தியானம் மூட்டைமேல் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தானாம், தூங்குகிறான் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு லோடு ஏற்றினார்களாம். மயானத்தில் நான் இரண்டு வார்த்தை பேச எழுந்தேன். பேசுனது போதுங்ணா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் சும்மா இருங்க என்றாள் மயிலாத்தாள். உட்கார்ந்துவிட்டேன். பேசியிருந்தால் நல்ல பேச்சாக இருந்திருக்கும். அவன் தோற்றவன் அல்ல என்று சொல்லியிருப்பேன். தனி மனிதன் தோற்கிறான், கமா, ஆனால் மனிதர்கள் ஒன்றுசேர்ந்தால் சூழலையே மாற்ற முடியும், கமா, இதை இந்த எழுத்தாளர்கள் காணத் தவறினார்கள், முற்றுப்புள்ளி.

முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் தெரிந்தது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்ன கடைசி வாக்கியம் தோற்கிறான் என்பதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தாளில் இருப்பது நான். என் கையெழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது, ஆனால் இந்த வரி மட்டும் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் பெரிதாக, அடித்துப் பேசுகிற தோரணையில் நிற்கிறது, அப்படித்தான் எனக்குத் தெரிகிறது, பார்க்கிற யாருக்கும் தெரியும். கதவோரம் பார்க்கிறேன், அவர் திருத்திக்கொண்டிருக்கிறார், தலை தூங்கித் தூங்கி விழுகிறது. வராந்தாவில் செருப்புச் சத்தம், பறக்கும் படையா, யாரோ பியூன், போய்விட்டான். அடித்துவிடலாம். அடித்தால் ஏன் அடித்தீர்கள், அவங்க அடிக்கச் சொல்லலையே என்று அவர் கேட்டால். அடிக்காவிட்டால் திருத்துகிறவர் பாடத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்து மார்க்கைக் குறைத்தால். இரண்டு மார்க்கில் தேறாமல் போனவர்கள் உண்டு, அவளே போன தடவை இரண்டு மார்க்கில்தான். சொல்லிவிடலாமா அவளிடம். எப்படிச் சொல்வது, வாயைத் திறந்தால் அவர் காதில் விழும், அவள் பக்கத்தில் குனிந்தாலும் என்ன ரகசியம் என்பார். எல்லாம் ஒரு வரியால், யாரும் கேட்காத ஒரு வரியால். பாட்டிலை மூடி, மேசையில் தடவி வைத்துவிட்டு, அந்தப் பாராவை ஒருக்கா படிங்க தோழர் என்றாள். விதியில் அதற்கு இடம் உண்டு. படித்தேன். இயல்புவாதம் யதார்த்தவாதத்தின் தொடர்ச்சி என்பதிலிருந்து ஆரம்பித்து, பிறப்பு, சூழல், போராட்டம் எல்லாம் படித்து, தோற்கிறான் என்பதில் நிறுத்திக்கொண்டேன். அவள் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் சாய்த்தபடியே இருந்தாள்.

"கடைசி வாக்கியம் விட்டுப்போச்சுங்க தோழர்" என்றாள். "நான் தண்ணி குடிக்கறப்பவும் எழுதிட்டிருந்தீங்களே. அதையும் படிங்க."

மறைக்கிற குரல் அல்ல, சாதாரணக் குரல், தான் சொன்னதை எழுதுகிறவன் தவறவிட்டுவிட்டான் என்கிற மாதிரி. சூப்பர்வைசர் நிமிர்ந்து, ஐயா நிதானமா படிங்க, டைம் இருக்கு என்றார் அன்பாக. நான் அந்த வரியைப் படித்தேன். ஆனால் மனிதர்கள் ஒன்றுசேர்ந்தால். எத்தனை வாசல்களில் படித்த வரி, கேட்கிறவர்களின் நெஞ்சு நிமிர்கிற இடம் எதுவென்று மனப்பாடமாகத் தெரிந்த வரி, மாவு வாசனை அடிக்கிற இந்த அறையில் அது பள்ளிப் பையன் ஒப்பிக்கிற திருக்குறள் மாதிரி வந்தது. அவள் முகத்தில் கோபம் தேடினேன், இல்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல விரல்கள் மேசை விளிம்பில் நகர்ந்தன. அடிச்சிடுங்க என்பாள் என்று பேனாவைச் சாய்த்துப் பிடித்தேன். அடித்துவிடுவேன், ஒரு கோடுதான், இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு கோட்டில் என்ன குறைந்துவிடப் போகிறது.

எழுதிக்குங்க என்றாள். மேற்சொன்னது இயல்புவாதத்தின் மேல் வழக்கமாக வைக்கப்படும் ஆட்சேபணை. எழுதினேன். ஆட்சேபணை என்ற சொல்லில் எனக்கு மூச்சு திரும்பியது, பிழைத்தாள், அந்த வரியைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள், இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தின் முன்னால், உயரமான இடத்தில் நிற்பவர்கள். எழுதினேன். இயல்புவாத எழுத்தாளர் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவனைப் பார்க்கிறார். எழுதினேன். அப்படியொரு நாவலில் ஓர் ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம், கமா. கமா போட்டேன். மற்றவர்கள் பணிந்து உள்ளே போன பிறகும் அவன் போகவில்லை. கொள்கையால் மட்டும் அல்ல. வெட்கத்தால். பணிந்தால் நண்பன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிற வெட்கத்தால். அவள் நிறுத்தினாள். என் பேனாவும் நின்றது. வெட்கம் என்ற சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல் கைவிரலில் வந்து உட்கார்ந்திருந்தது, இங்கிலீஷில் இரண்டுக்கும் ஐந்தே எழுத்து, நம்பிக்கை என்று எழுதினால் யாருக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், அவள் காதுக்குப் பேனா ஓடுகிற நீளம் மட்டும்தான் எட்டும். வெட்கம் என்று எழுதினேன். அவனைப் பிடித்து நிறுத்தியவை எவை, அவன் வீட்டில் அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள், இவற்றை எழுதுவதுதான் இயல்புவாதம். அவன் செய்தது சரியா தவறா என்று அது சொல்வதில்லை. முற்றுப்புள்ளி. சரி என்று சொன்னால்தான் என்ன. தவறு என்று சொன்னால்தான் என்ன. இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது, எல்லாக் காலத்திலும் தயாராக இருந்தது, இரண்டில் எதையும் அவள் கேட்கவில்லை.

புதுப் பாரா என்றாள். இயல்புவாதத்தின் வரம்பு. வினாவில் வரம்புகள் என்றும் கேட்டிருந்தது ஞாபகம் வந்தது, பதினைந்து மார்க்கில் ஐந்து மார்க்காவது அதற்குப் போகும், அவள் மறக்கவில்லை, நான் மறந்துவிட்டேன். அந்தத் தொழிலாளி, கையெழுத்துப் போடாமல் திரும்பிய அன்று மாலை, சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். எழுதினேன். அவனுடைய சிறு மகளுக்கு அப்போது பாதிப் பார்வைதான். தெருமுனையிலிருந்தே அந்தச் சீட்டியை வைத்து அப்பா என்று தெரிந்துகொண்டு ஓடினாள். எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் அவன் அப்படிச் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை. இதற்குப் பிறப்பிலும் காரணம் இல்லை, கமா, சூழலிலும் காரணம் இல்லை. இயல்புவாதத்தால் இதை விளக்க முடியாது. அதன் வரம்பு இதுதான். குரல் அதே தண்டவாளத்தில்தான் போயிற்று, ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. சீட்டியடிப்பானா ஆறுக்குட்டி. ஒரே ஷிஃப்டில், ஒரே லாக்கப்பில், ஒரே பீடியில் இருந்தோம், அவன் வாயிலிருந்து ஒரு சீட்டி நான் கேட்டதில்லை. அன்று மாலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன். மறுநாள் அறிக்கைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் போன தெருவில் நான் போகவில்லை.

"முற்றுப்புள்ளிங்க" என்றாள். "இந்தப் பாராவையும் ஒருக்கா படிச்சிருங்க. அப்புறம் ஒரு கேள்விதான்."

தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். இயல்புவாதத்தின் வரம்பு என்று தொடங்கினேன். அந்தத் தொழிலாளி, கையெழுத்துப் போடாமல் திரும்பிய அன்று மாலை, என்பதுவரை வந்தது. அதற்குமேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சூப்பர்வைசர் தண்ணி வேணுங்களா ஐயா என்றார். வேண்டாம் என்று கை காட்டினேன். தமாரா மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்து, என் பக்கமாகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"கேக்கலீங்க தோழர்" என்றாள். "கொஞ்சம் சத்தமா."